வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு பெல்ட்

எண்ணிக்கை இருபதைத் தாண்டியிருந்தது. இன்னும் பத்து விநாடி பிடித்திருந்தால் போட்டி எனக்கு. பினாங்கிலிருந்து வந்த அந்தப் பெண் மல்லாந்து கிடக்க, நான் அவள் தலைமாட்டிலிருந்து கவிழ்ந்து, முழு எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் முகம் என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அந்தக் காலத்து ஜூடோவில் இப்படி முப்பது விநாடி அசையவிடாமல் பிடித்தால் வெற்றி.

கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபம். தகரக் கூரை. மத்தியான வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே சட்டை நனைந்துகொண்டிருந்தது. எங்களைச் சொல்லவே வேண்டாம்.

நடுவர் என் முதுகில் தட்டினார். "ஸ்டாப், ஸ்டாப்" என்றார். நான் எழுந்தேன், அவளும் எழுந்தாள். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை கறுப்பாக ஒழுகியிருந்தது. வெள்ளைச் சட்டையின் தோளிலும் கறுப்பு. கையால் துடைத்தாள், இன்னும் பரவியது.

என் இடுப்பைப் பார்த்தேன். அப்பாவின் தலைச்சாயம் வியர்வையில் கரைந்து, நான் மறைத்து வைத்திருந்த வெள்ளைக் கோடு பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

இந்தக் கதையைத்தான் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஜூடோ கிளப் இப்போது தன் ஆண்டு விழா மலரில் போடப் போகிறது. என் படத்தோடு முழுப் பக்கம். "பெண்களுக்காகப் போராடிய வீராங்கனை கோமளா" என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள். போடாதீர்கள் என்றேன். போட்டே ஆக வேண்டுமென்றால் எதிர்ப் பக்கத்தில் சுமதி என்ற பெண்ணுக்கு நான் செய்ததையும் போடுங்கள் என்றேன். முடியாது என்கிறார்கள்.

அதனால், இந்தப் பத்திரிகையில் வாரா வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கதைகளை எழுதிக்கொண்டிருந்தவள் இந்த வாரம் ஜூடோவுக்கு வந்திருக்கிறேன். அவர்கள் போட மறுத்த பக்கத்தை நான் இங்கே போடுகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

மரத்தூள் மெத்தை

முதலில் கிளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ பளபளப்பான ஜிம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பலகை மண்டபம். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த மணியம் மாஸ்டர் ஆரம்பித்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு மரம் வாங்க வந்த ஒரு ஜப்பான்காரரிடம் சாயங்காலங்களில் அவர் ஜூடோ கற்றுக்கொண்டாராம். அந்த ஜப்பான்காரர் ஊருக்குப் போனதும், மணியம் மாஸ்டர் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வேலை செய்த ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் கிளப்பின் தோற்றம். மலரில் இதையே மூன்று பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

மெத்தை வாங்க வழியில்லை. செந்தூலில் ஒரு மரமில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதன்மேல் லோரிக்குப் போடுகிற கேன்வாஸை இழுத்துக் கட்டினார்கள். விழுந்தால் முதுகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கேன்வாஸ் உரசி முழங்கை, முழங்கால், கால் பெருவிரல் எல்லாம் தோல் போகும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் இறங்கி, புளித்த மாவு வாசனை வரும். சில நாள் சிவப்பெறும்பு வரும். ஒரு தடவை எங்கள் கிளப்புக்கு விருந்தாளியாக வந்த ஒரு போலீஸ் அதிகாரி கீழே விழுந்த வேகத்தில் துள்ளி எழுந்ததைப் பார்த்து, என்ன ஒரு வேகம் என்று எல்லாரும் கைதட்டினோம். எறும்பு என்று பிறகுதான் தெரிந்தது.

ஆடி ஆடி மரத்தூள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நடுவில் பள்ளம் விழும். ஆகவே தினமும் கேன்வாஸை அவிழ்த்து, தூளைக் கிளறிச் சமப்படுத்தி, மறுபடியும் கட்ட வேண்டும். இதை யார் செய்வது? நாங்கள்தான். பெண்கள் ஐந்து பேர் இருந்தோம். ஆறு மணி முதல் ஏழு மணி வரை எங்கள் நேரம். அதில் இருபது நிமிடம் மெத்தை சமப்படுத்தவே போய்விடும். ஏழு மணிக்கு ஆண்கள் வருவார்கள். சமமான மெத்தையில் ஒன்பது மணிவரை ஆடுவார்கள்.

மலரில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "தொடக்க காலம் முதலே பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கி முன்மாதிரியாக விளங்கியது நம் கிளப்." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தையும் மண்வாரியையும் ஒதுக்கியதைச் சொல்லவில்லையே.

ஜூடோ சட்டையும் அப்போது கடையில் கிடைக்காது. மெயின் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய்தான் தைத்துக் கொடுப்பார். நாகூர்ப் பக்கத்துக்காரர். கெட்டியான துணியை நான்கு மடிப்பு மடித்துக் கழுத்துப்பட்டி தைக்கச் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இது சட்டையா, மூட்டையா?"

"பிடிச்சு இழுப்பாங்க பாய், கிழியக் கூடாது."

"யாரு இழுப்பாங்க? நான் வந்து கேக்கட்டுமா?"

விளக்கிச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர் தைத்த சட்டை பத்து வருஷம் உழைத்தது.

செயலாளர் தைக்கக் கொடுத்தார்

கறுப்பு பெல்ட் தேர்வுக்குப் போன அன்று நாங்கள் நான்கு பேர். மூன்று ஆண்கள், நான் ஒருத்தி. நான்கு பேரும் தேறினோம். எங்கள் கிளப்பில் கறுப்பு பெல்ட் வாங்கிய முதல் பெண் நான். எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் முடிந்து, வேலைக்குப் போட்ட சேலையோடு ஓடி வந்து பழகிய நான்கு வருஷம் அதில் இருக்கிறது.

பார்சல் வந்தது. நான்கு பெல்ட். நான் என் கண்ணால் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி, முழுக் கறுப்பு. அப்போது செயலாளராக இருந்த சுந்தரம் அங்கிள் மூன்று பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "உனக்கு அடுத்த வாரம்" என்றார்.

அடுத்த வாரம் என் பெல்ட் வந்தது. நடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை நாடா வைத்துத் தைத்திருந்தது.

"இது என்ன அங்கிள்?"

"லேடீஸ் பெல்ட்மா. வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான். ரூல்."

"பார்சல்ல முழுக் கறுப்பாத்தானே வந்துச்சு?"

"அவங்க தப்பா அனுப்பிட்டாங்க. நான்தான் பாய்கிட்ட கொடுத்து சரி பண்ணேன்."

சரி பண்ணினாராம். அது உண்மையிலேயே விதிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது பல நாடுகளில் பெண்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்களாம். விதி போட்ட மகராசன் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் மெத்தையை நேரத்துக்குச் சரி பண்ண முடியாத கிளப், மண்டபத்தின் ஒழுகுகிற கூரையை மூன்று வருஷம் சரி பண்ணாத கிளப், என் இடுப்பில் கோடு போடுவதை மட்டும் ஒரே வாரத்தில் சரி பண்ணிவிட்டது.

மணியம் மாஸ்டரிடம் போனேன். அவர் நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷர்கள் இந்த மாதிரி நேரத்தில் கூரையைப் பார்ப்பார்கள். "கட்டிக்கோ கோமளா, பெல்ட்ல என்ன இருக்கு" என்றார். பெல்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் எதற்காக எல்லாருக்கும் அத்தனை நிறத்தில் கொடுக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அப்பாவின் கிண்ணம்

நாடாவைப் பிரித்து எடுக்கத்தான் முதலில் பார்த்தேன். காதர் பாய் நாடாவுக்கு நான்கு வரிசை மிஷின் தையல் போட்டிருந்தார். பிளேடு வைத்து ஒரு அங்குலம் பிரிப்பதற்குள் கறுப்புத் துணியும் சேர்ந்து கிழிந்தது. அந்த மனுஷர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

அப்போதுதான் அப்பாவின் தலைச்சாயம் நினைவுக்கு வந்தது. அப்பா ஒரு பேங்க்கில் ஜாகா, அதாவது வாசல் காவல். தலையில் நரை தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கைப்பிடி உடைந்த ஒரு கிண்ணத்தில் பொடியைக் கரைத்து, பழைய டூத்பிரஷால் பூசிக்கொள்வார். மீசைக்கும் அதே பிரஷ்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், அவர் வேலைக்குப் போனதும், மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தையும் கரைத்து பெல்ட்டின் கோட்டில் பூசினேன். இரண்டு பக்கமும். குளியலறைத் தரை, என் விரல், துண்டு எல்லாம் கறுப்பு. கொடியில் காயப் போட்டதைப் பார்த்து அம்மா கேட்டாள், "என்னாடி இது, பாம்ப அடிச்சுத் தொங்கவிட்ட மாதிரி?"

"பெல்ட்டும்மா."

"ஒங்கப்பா மீச நாத்தம் அடிக்குது."

காய்ந்ததும் அழகாக இருந்தது. முழுக் கறுப்பு. கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்தேன். அந்த ஒரு நாள் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தலைமுடியில் நிற்கிற சாயம் நாடாவில் நிற்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதிலும் கிள்ளான் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில். மிச்சத்தைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். வெளியே குழாயடியில் நானும் அந்தப் பினாங்குப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினோம். அவள் சீனப் பெண். நான் சோப்பை நீட்டினேன். என் பெல்ட்டைப் பார்த்தாள், தன் பெல்ட்டைப் பார்த்தாள். அவளுடையதிலும் கோடு. மலாயில் மெதுவாகச் சொன்னாள், அடுத்த தடவை ஷூ பாலிஷ் போட்டுப் பார் என்று. அன்று அந்த மண்டபத்தில் என்னோடு மனுஷத்தன்மையோடு பேசியது அவள் ஒருத்திதான். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

எனக்கு ஆறு மாதத் தடை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாயம் பூசியது நான்தான், இன்னொருத்தி முகத்தில் ஒழுகவிட்டதும் நான்தான். பொறுக்க முடியாதது சுந்தரம் அங்கிள் போட்டி நடத்திய ஜூடோ சங்கத்துக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம். என்னைக் கேட்காமல், என் சார்பில் எழுதினார். "எங்கள் உறுப்பினர் இளம் பெண் ஆனதால், அழகாகத் தெரிய வேண்டுமென்ற ஆசையில் இவ்வாறு செய்துவிட்டார்" என்று.

அழகுக்காம். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்ட கணக்கில் சேர்த்துவிட்டார். நான் அநியாயம் என்று சொன்னேன். அவர் அலங்காரம் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தப்பு செய்தாள் என்று எழுதியிருந்தால்கூட என்னை மதித்த மாதிரி இருந்திருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

ஆறு மாதம் கழித்து கிளப்புக்குத் திரும்பினேன். காதர் பாய் புதிதாக ஒரு நாடா வைத்துத் தைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஜூடோ வேண்டும். கோட்டோடு கிடைத்தாலும் வேண்டும். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டியது பிறகு வருகிறது.

வருஷங்கள் ஓடின. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இடுப்பு வலி. இரண்டாம் டான், மூன்றாம் டான் என்று ஏறினேன். டான் என்றால் கறுப்பு பெல்ட்டுக்குள்ளேயே உள்ள படிகள். ஒரு கட்டத்தில், தேர்வு நடத்துகிற குழுவில் ஒரு பெண்ணும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேலே யாருக்கோ தோன்றி, என்னைப் போட்டார்கள். நீள மேசை, வெள்ளை விரிப்பு, நான்கு ஆண்கள், ஓரத்தில் நான். தேநீர் முதலில் அவர்களுக்கு, கடைசியில் எனக்கு. ஆனாலும் மேசையில் இருந்தேன். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

கிள்ளானில் ஒரு தேர்வு. இரண்டாம் டானுக்குச் சுமதி என்று ஒரு பெண் வந்தாள். கிள்ளான் கிளப்பைச் சேர்ந்தவள். நான் பழக்கியவள் அல்ல. போட்டிகளில் தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பேக்டரியில் வேலை. அவள் காலை வாரினால் எதிராளிக்கு எப்படி விழுந்தோம் என்றே தெரியாது. அப்படி ஒரு சுத்தமான ஆட்டம்.

அவள் வந்து மெத்தையின் ஓரத்தில் நின்று குனிந்து வணங்கினாள். இடுப்பில் முழுக் கறுப்பு பெல்ட். கோடு இல்லை.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். பெண் விஷயம், பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசியது இதுதான். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"இது ஆம்பளைங்க பெல்ட். வெளிய போயி மாத்திட்டு வாம்மா."

அவள் என்னையே பார்த்தாள். "அக்கா?" என்றாள், சரியாகக் காதில் விழாத மாதிரி.

"ரூல் தெரியாதா உனக்கு? நாங்கல்லாம் கட்டலையா?"

அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. நான் பட்டேன், நீயும் படு என்று அர்த்தம். சுந்தரம் அங்கிளாவது நாடா தைத்துக் கொடுத்தார். நான் அதைவிட மோசம். எனக்கு வலித்த இடம் எதுவென்று தெரிந்துகொண்டே அதே இடத்தில் அவளை அடித்தேன். அடித்துவிட்டு, நான்கு ஆண்கள் தலையாட்டியதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு திருப்திகூடப் பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

சுமதி மறுபடியும் ஒழுங்காகக் குனிந்து வணங்கினாள். வெளியே போனாள். மாற்றிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தோம். அடுத்தவரைக் கூப்பிட்டோம். அவள் வரவே இல்லை. அதற்குப் பிறகு கிள்ளான் கிளப்புக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வரி

இரண்டு, மூன்று வருஷம் போயிருக்கும். சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பெண்களின் பெல்ட்டில் வெள்ளைக் கோடு தேவையில்லை. இரண்டே வரி. அதற்குக் கீழே மழைக்கால விடுமுறையில் மண்டபம் மூடியிருக்கும் என்று ஐந்து வரி.

ஏன் அந்தக் கோடு இருந்தது, ஏன் இப்போது இல்லை, யாருக்காவது வருத்தமா, ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் பெண்கள் இடுப்பில் சுமந்ததை, மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிளப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சுமதியைத் தேடிப் போக வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

பங்சாரில் ஒரு சாப்பாடு

போன மாதம் மலர்க் குழு என்னை பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டது. கிளப்பின் இப்போதைய தலைவர் பிரகாஷ். வக்கீல். நாற்பது வயது. நல்ல பையன்தான், என்னை ஆன்டி என்று கூப்பிட்டு என் இலைக்கு இன்னொரு அப்பளம் போடச் சொல்கிற அளவுக்கு நல்ல பையன். மடிக்கணினியைத் திறந்து என் பக்கத்தைக் காட்டினார்.

"ஆன்டி, இந்தப் பக்கம்தான் புக்கோட ஹைலைட். சாயம் பூசுன கதை இருக்கே, சூப்பர்லா. இப்ப உள்ள பொம்பளப் பிள்ளைங்களுக்கு இன்ஸ்பிரேஷன்."

"இதுக்கு அப்புறம் நடந்தது தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றார். சொன்னேன். சுமதி, மேசை, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். ரசம் ஆறிப்போனது.

அவர் சொன்னார், "ஆன்டி, இது சூவனிர்லா. கோர்ட் கேஸ் இல்ல. அவங்க பேரப் போட்டா, அப்ப பேனல்ல இருந்த மத்தவங்க யாருன்னு கேப்பாங்க. ரெண்டு பேரு இன்னும் இருக்காங்க. ஸ்பான்சரும் அவங்கதான்."

"அப்ப நான் போராடுனேன்னு மட்டும் போடுவீங்க?"

"நீங்க போராடுனது உண்மைதானே?"

"ஒரு நாள் போராடுனேன். அப்புறம் அவங்களோட உக்காந்துட்டேன். அதையும் சேத்துப் போடு, இல்ல ரெண்டையும் எடு."

"நெகட்டிவா வேணாம் ஆன்டி. நல்ல விஷயமா முடிச்சுக்குவோமே."

நல்ல விஷயமாக முடிப்பதில் எங்கள் ஆட்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு அழகுக்காகச் செய்தாள் என்று எழுதி என் கோபத்தை மறைத்தார்கள். இன்றைக்கு வீராங்கனை என்று எழுதி என் தப்பை மறைக்கிறார்கள். இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை நான் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால், சுமதியின் பெயர் கிளப் வரலாற்றில் எங்கேயுமே இருக்காது. அவள் மெத்தையில் நின்றதற்கே சாட்சி இருக்காது.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

ரவாங்

கிள்ளான் கிளப்பின் பழைய ஆள் ஒருவரிடம் நம்பர் வாங்கினேன். சுமதி ரவாங்கில் இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். போனில் என் பெயரைச் சொன்னேன். "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வாங்கக்கா, அப்பதான் எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு" என்றாள்.

கொம்யூட்டர் ரயிலில் போனேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடி முக்கால்வாசி வெள்ளை. தோள் மட்டும் அதே தோள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு சின்னப் பிள்ளையின் பையை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தாள்.

"சாப்டிங்களாக்கா?"

"ஆச்சு."

பொய். அவள் நம்பவில்லை, பாதியைப் பிரித்து இலையோடு என் கையில் வைத்தாள். சம்பல் காரம். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். நேராகக் கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. பத்திரிகையில் எழுதப் போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்றும் கேட்டேன்.

"போடுங்கக்கா. எனக்கென்ன பயம். நானா திருடுனேன்?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. உள்ளே எங்கேயோ இன்னும் ஒரு சின்ன நியாயம் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீ ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாமேம்மா. நாலு ஆம்பளைங்க நடுவுல நான் ஒருத்தி. நீ ஏதாச்சும் சொல்லியிருந்தா, நானும் உன்கூட நின்னிருப்பேனோ என்னமோ."

சுமதி தண்ணீர் போத்தலைத் திறந்து கையைக் கழுவினாள். கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, நீங்க பெல்ட்டுக்கு சாயம் பூசுன கதை எங்க கிளப்புல எல்லாருக்கும் தெரியும். நான் சேந்த அன்னைக்கே சொன்னாங்க. அப்படி ஒரு ஆளு இருக்காங்களான்னு கேட்டேன். தூரத்துல காட்டுனாங்க."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டுக்கு ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போய்ச் சாவியைப் போட்டாள்.

"டெஸ்டுக்கு முன்னாடி பேனல் லிஸ்ட் ஒட்டுவாங்கல்ல? அதுல உங்க பேரு இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போயி முழுக் கறுப்பு பெல்ட் வாங்குனேன்."

நான் கேட்டேன், "என் பேரு இல்லாம இருந்திருந்தா?"

"கோடு போட்டதையே கட்டிட்டு வந்து, பாஸ் பண்ணிட்டுப் போயிருப்பேன்க்கா."